பஜார் வீட்டை இடிப்பதா, மாற்றிக் கட்டுவதா?

கேள்வி, 3 மார்ச் 2023

குன்னூர் மார்க்கெட் பக்கம் தாத்தா காலத்து வீடு. 13 அடி முகப்பு, ரயில் பெட்டி மாதிரி நீளம், இரண்டு பக்கமும் அடுத்த வீட்டோடு ஒட்டிய சுவர். நானும் மனைவியும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறோம். எங்களுக்கு ஓப்பன் கிச்சன் வேண்டும், அட்டாச்டு பாத்ரூம் வேண்டும், பெரிய கண்ணாடி ஜன்னல் வேண்டும். குகை மாதிரி ஆறு சின்ன அறைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பழைய வீட்டை இன்றைய வாழ்க்கைக்கு மாற்றவே முடியாது, இடித்துவிட்டு கான்கிரீட்டில் கட்டுவதே லாபம் என்கிறேன். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

4 மார்ச் 2023

மறுப்பு இருக்கிறது. ஊட்டி பஜாரில் ஏறக்குறைய இதே அளவு வீடு எங்களுடையது. 14 அடி முகப்பு, 54 அடி நீளம், கீழே கடை, மேலே குடித்தனம். கீழே முப்பது வருடத்துக்கு மேல், வர்க்கி என்கிற ஊட்டியின் மொறுமொறு பிஸ்கட் போடும் ஒரு பேக்கரி வாடகைக்கு இருந்தது. 2011ல் அவர்கள் காலி செய்தார்கள். அதே வருடம் மாமா தவறிவிட, அத்தையை எங்களோடு கோவைக்கு அழைத்துக்கொண்டோம். வீடு பத்து வருடம் பூட்டிக் கிடந்தது. 2021 கடைசியில் வேலையை ஆரம்பித்து, போன டிசம்பரில் குடிவந்தோம். நான் வீட்டிலிருந்தே கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறவள். கணவர் முன்கூட்டியே ஓய்வு வாங்கியவர். அத்தைக்கு 78, முழங்கால் வலி. மகள் கோவையில் படிக்கிறாள்.

இடிக்க வேண்டாம் என்பதற்கு நான் சொல்லும் காரணம் அழகு, பாரம்பரியம் எல்லாம் இல்லை. பொதுச் சுவர். உங்கள் மாடியைத் தாங்கும் உத்திரங்களின் முனை அந்தச் சுவருக்குள் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரரின் உத்திரமும் மறுபக்கம் அதே சுவரில்தான் உட்கார்ந்திருக்கும். உங்கள் பாதியை எடுத்தால் அவர் மாடி என்னாகும்? எங்கள் வரிசையில் இரண்டு வீடு தள்ளி ஒருவர் இடித்தார். நடுவில் இருந்தவரின் படுக்கையறைச் சுவர் ஒரு மழைக்காலம் முழுக்கத் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நின்றது. இரண்டு குடும்பமும் இன்றுவரை பேசுவதில்லை.

இன்னொன்று, இடித்துவிட்டால் உங்களுடையது புது வீடு. மலைப் பகுதிக் கட்டட விதிகள் முழுசாக உங்கள் தலையில் இறங்கும். உயரம் 7 மீட்டரைத் தாண்டக் கூடாது. ஓரத்தில் இடம் விடச் சொன்னால் 13 அடியில் எதை விடுவீர்கள்? மண் தோண்ட பொக்லைன் கொண்டுவரவே கலெக்டர் அனுமதி கேட்க வேண்டிய மாவட்டம் இது.

ஓப்பன் கிச்சன்தானே? பழைய வீட்டிலேயே முடியும், நாங்கள் செய்தோம். கீழ்த்தளத்தின் நடுவில் எட்டடிக்கு ஏழடி இடத்தை அடைத்துக்கொண்டு பேக்கரியின் விறகு அடுப்பு நின்றது. செங்கல் மலை. அதை இடித்தோம். அதற்கும் பின்கட்டுக்கும் நடுவில் இருந்த சுவரையும் எடுத்து, மேலே இரும்பு உத்திரம் கொடுத்தோம். இப்போது முப்பதடி நீளத்துக்கு ஒரே ஹால். வருகிறவர்கள் வாயைப் பிளக்கிறார்கள்.

5 மார்ச் 2023

அழகு, பாரம்பரியம் எல்லாம் இல்லை என்று எழுதியதைப் படித்துவிட்டு கணவர் கோபித்துக்கொண்டார். அவர் சார்பில் ஒரு வரி: எங்கள் கூரை ஓட்டைப் புரட்டினால் பாசல் மிஷன் என்றும் 1865 என்றும் அச்சு இருக்கிறது. ஆக வீட்டுக்கு வயது 158. வருகிற எல்லாருக்கும் ஓர் ஓட்டை எடுத்துக் காட்டிக்கொண்டிருக்கிறார். ஓடு கூரைக்குத் திரும்பிப் போகிறதா என்று நான்தான் பார்த்துக்கொள்கிறேன்.

9 மார்ச் 2023

பழைய வீடு என்றால் ஓதம், பூசணம், சளிதானே என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

எங்கள் சுவர் இடுப்பு உயரம் வரை கல், அதற்கு மேல் மண் சாந்தில் வைத்த செங்கல், வெளியே சுண்ணாம்புப் பூச்சு. இப்படிப்பட்ட சுவர் ஈரத்தை உறிஞ்சும், வெயில் பட்டால் வெளியே விட்டுவிடும். யாரோ ஒரு புண்ணியவான் பின்னாளில் மார்பு உயரம் வரை சிமெண்ட் பூசியிருந்தார். சிமெண்ட் வழியாக ஈரம் வெளியே வர முடியாமல் மேலே ஏறி, சிமெண்ட் முடிகிற இடத்தில் உப்புப் பூத்துக் கொட்டிக்கொண்டிருந்தது. அதன் மேல் ஓதம் தடுக்கும் பெயிண்ட் இரண்டு கோட். அழுகிற பிள்ளையின் வாயைப் பொத்துகிற வேலை.

சிமெண்டைக் கொத்தி எடுத்தோம். நான்கு மாதம் சுவரை அப்படியே காயவிட்டோம். பிறகு நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு. கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்தால்தான் சுண்ணாம்பு நிற்கும் என்றார் மேஸ்திரி. எறும்பு வரும் என்று பயந்தேன். வந்தது எறும்பு இல்லை, பில்.

இப்போது சுவர் காய்ந்து கிடக்கிறது. ஓதம் தீர்ந்த விஷயம்.

அதே நாள், இரவு

அத்தை இதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "எங்க காலத்துல இந்த வீட்டுல ஓதமே கிடையாது கண்ணு. நடுச்சுவத்துல கை வெச்சா சுடும்" என்கிறார். எல்லா அத்தைகளும் சொல்வதுதான். அந்தக் காலத்தில் மழையே காய்ந்துதான் பெய்திருக்கும்.

18 ஏப்ரல் 2023

சுண்ணாம்பு வேலைக்கு எது நல்ல மாதம் என்று கேட்டவருக்கு. ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை. அக்டோபர், நவம்பரில் வடகிழக்கு. டிசம்பர், ஜனவரியில் ராத்திரி உறைபனி. ஈரச் சுண்ணாம்பு உறைந்தால் மறுநாள் விரலால் தட்டினாலே உதிரும். மிச்சம் பிப்ரவரியிலிருந்து மே. அதிலும் ஏப்ரல், மே சீசன். பகலில் லாரியை மலை ஏற விடமாட்டார்கள். மணல், செங்கல், சுண்ணாம்பு எல்லாம் மேட்டுப்பாளையம் பக்கமிருந்து 14 கொண்டை ஊசி வளைவு ஏறி வர வேண்டும். ஜனவரியிலேயே இறக்கி வைத்துவிடுங்கள். எங்கள் கணக்கு நோட்டில் மணலின் விலையைவிட மணல் ஏறி வந்த விலைதான் அதிகம்.

மரத்துக்கும் இதே கதை. உத்திரங்களைத் தூக்கிப் போட்டுவிட்டு இரும்பு போடலாம் என்றார்கள். ஆசாரி உளியை நட்டுப் பார்த்தார். பதினொன்றில் இரண்டுதான் உளுத்திருந்தது, அதுவும் சுவருக்குள் போகிற முனையில் மட்டும். முனையை வெட்டிப் புது மரம் ஒட்டுப்போட்டு போல்ட் அடித்தார். பழைய மரத்தை மறுபடி போடுவது ஊட்டிக்குப் புதிதா என்ன? 1829ல் அடிக்கல் நாட்டிய ஸ்டீபன் சர்ச்சுக்கு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் அரண்மனையைப் பிரித்த மரங்களைத்தான் மலை ஏற்றிக் கொண்டுவந்தார்கள். இன்னும் நிற்கிறது.

2 ஜூன் 2023

ஒரு திருத்தம். கணவர் இதை எழுதச் சம்மதிக்க மூன்று நாள் ஆனது.

வங்கி வேலைக்காக மூலப் பத்திரத்தை எடுத்தோம். மனையில் கட்டடம் என்று முதலில் வருவது 1926ல்தான். ஓட்டில் உள்ள 1865, மங்களூரில் பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை ஆரம்பித்த வருடமாம். அதற்குப் பிறகு எந்த வருடம் சுட்ட ஓட்டிலும் அதையே அச்சடித்திருக்கிறார்கள். யோசித்திருக்க வேண்டும். ஊட்டிக்கு ரயிலே 1908ல்தான் வந்தது, அதற்கு முன் இத்தனை ஓட்டை மாட்டு வண்டியில் ஏற்றி பஜாரில் வீடு கட்ட யார் இருந்தார்கள்?

வீட்டுக்கு ஒரே ராத்திரியில் 61 வயது குறைந்துவிட்டது. எங்கள் வீட்டில் வேறு யாருக்கும் அந்தப் பாக்கியம் இல்லை.

11 ஜூலை 2023

மார்ச் 9ல் ஓதம் தீர்ந்தது என்று எழுதினேன். மார்ச்சில் ஊட்டியில் எந்தச் சுவர்தான் ஈரமாக இருக்கும்.

இருபது நாளாக மழை. ஹாலின் நடுச்சுவரில் கை வைத்தால் ஐஸ். சோபாவுக்குப் பின்னால் கறுப்புப் புள்ளி. மாடியில் நான் கணக்கு எழுதும் அறையில் ஃபைல் அட்டையெல்லாம் வளைந்து நிற்கிறது. அலமாரியில் மடித்து வைத்த பட்டுப்புடவையில் பூசணம். அதைப் பற்றி எழுத மனமில்லை.

26 ஜூலை 2023

பாதிக் காரணம் பிடிபட்டது. வீட்டுக்குப் பின்னால் சரிவு. 2009 நவம்பர் மழையில் அங்கே மண் இறங்கியிருக்கிறது. அந்த மழையை ஊட்டிக்காரர்களுக்கு நினைவுபடுத்த வேண்டியதில்லை. கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ., மாவட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மண்ணுக்குள் போனார்கள். நம் வீட்டில் வெறும் மண்தானே என்று அப்போது யாரும் அதை அள்ளவில்லை. அது பின்சுவரை ஒட்டி, உள்தரையைவிட இரண்டடி உயரத்துக்கு இறுகிப் போய் நிற்கிறது. மேலே புல் வேறு முளைத்து, பார்க்கப் பூங்கா மாதிரி இருந்ததால் நானும் விட்டுவிட்டேன். நாற்காலி போட்டு டீ குடித்த இடம்.

நான்கு ஆள், ஆறு நாள், கூடையில் சுமந்து கடை வாசல் வழியாக வெளியேற்றினோம். வேறு வழி கிடையாது, இரண்டு பக்கமும் வீடு. சுவருக்கும் சரிவுக்கும் நடுவே ஒன்றரை அடி அகலத்தில் திறந்த வடிகால் கட்டியாயிற்று. சரிவுப் பக்கத் தடுப்புச் சுவரில் தண்ணீர் வெளியேற ஓட்டைகளும் விட்டோம். முதல் மழைக்கே அந்த ஓட்டைகளில் தண்ணீர் குழாய் திறந்த மாதிரி வந்தது. இத்தனையும் இவ்வளவு நாள் சுவருக்குள் போயிருக்கிறது.

பின்கட்டு தேறும் என்று நினைக்கிறேன். நடுச்சுவருக்கு இது காரணம் ஆகாது. அது மண்ணிலிருந்து இருபதடி தள்ளி இருக்கிறது.

5 ஆகஸ்ட் 2023

இன்னொரு கால் பங்கு காரணம், நான் பெருமையாகப் போட்ட பிளாஸ்டிக் சட்ட ஜன்னல்கள். பழைய மர ஜன்னலில் விரல் நுழையும் இடுக்கு, குளிர் உள்ளே வரும். புதியதில் ஈ நுழையாது. ஆனால் உள்ளே உண்டாகிற ஈரமும் வெளியே போகாது. சமையல், குளியல், மூன்று பேர் மூச்சு, எல்லாம் எங்கேயாவது உட்கார வேண்டுமே. முன்பு ஒற்றைக் கண்ணாடியில் வேர்த்து வழிந்தது, துணியால் துடைத்துவிடுவோம். இப்போது இரட்டைக் கண்ணாடியில் வேர்ப்பதில்லை, அதைவிடக் குளிர்ந்த சுவரைத் தேடிப் போகிறது.

அதோடு ஓப்பன் கிச்சன். இந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்குள் கொதித்துவிடும், பருப்பு வேகாது. மூடி போட்டாலும் மணிக்கணக்காக ஆவி. குக்கர் விசில் ஒவ்வொன்றும் நேராக சோபாவுக்குப் பின்னால் போய் உட்கார்கிறது. ரசம் தாளித்தால் ஹாலில் மாட்டியிருக்கும் ஸ்வெட்டர் எல்லாம் பெருங்காயம். ஒரு வாடிக்கையாளரைப் பார்க்கப் போனபோது, "மேடம் வீட்டில் இன்றைக்கு ரசமா?" என்று கேட்டார். நேற்று வைத்த ரசம்.

13 ஆகஸ்ட் 2023

விஷயம் கொஞ்சம் தள்ளிப் போகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். துணி.

வீட்டைப் பற்றி எழுதுகிற எந்தப் பத்திரிகையிலும் மழைக்கால ஊட்டியில் ஜட்டி எங்கே காயும் என்று எழுதுவதில்லை. நான்கு நாளாகக் கொடியில் கிடக்கிற துவாலையை எடுத்து முகம் துடைத்தால் தவளையைத் தொட்ட மாதிரி இருக்கிறது. மெஷினில் காயவைக்கலாம் என்று மகள் சொல்கிறாள், வைக்க இடமில்லை. கடைசியில் என் கணக்கு அறையின் சீலிங்கில் பழைய இரும்புக் கொக்கிகள் இரண்டு வரிசையாக இருப்பது நினைவுக்கு வந்து, அதில் கயிறு கட்டினேன். எட்டும் எட்டும் பதினாறு கொக்கி. தொட்டில் கட்டியிருப்பார்கள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். பதினாறு தொட்டிலா? கேள்வி இப்போதுதான் வருகிறது.

கணவரிடம் கேட்டேன். சாதாரணமாகச் சொல்கிறார்: "துணி காயப்போடத்தான். அந்த ரூம்ல போட்டா ராத்திரி போட்டது காலையில காஞ்சிடும். எங்க யூனிஃபார்ம் எல்லாம் வர்க்கி வாசம் அடிக்கும், கிளாஸ்ல பசங்க மோந்து பார்ப்பானுங்க."

அந்த அறைக்கு நேர் கீழே என்ன இருந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

14 ஆகஸ்ட் 2023

தூக்கம் வரவில்லை, எழுதிவிடுகிறேன்.

வர்க்கிக்காரர்கள் ராத்திரி முழுக்க அடுப்பை எரிப்பார்கள். சீகை விறகு, கற்பூர மர விறகு. எட்டடி ஏழடி செங்கல் அந்தச் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு பகல் முழுக்க மெல்ல விட்டுக்கொண்டிருக்கும். புகைபோக்கி நடுச்சுவருக்குள்ளேயே மாடி வழியாகக் கூரைக்குப் போகிறது. அத்தை கை வைத்தால் சுட்ட சுவர் அதுதான். நெருப்பு எரியும்போது புகைபோக்கி வீட்டுக்குள் இருக்கிற ஈரக் காற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வெளியே போகும், இடுக்கு வழியே புதுக் காற்று வரும். முப்பது வருடத்துக்கு மேலாக ஒருநாள் விடாமல் நடந்திருக்கிறது இது. ஓதம் எங்கிருந்து வரும்?

வீட்டில் ஓதம் பிடித்தது 2011க்குப் பிறகு என்று அத்தை சொன்னபோது, ஆளில்லாத வீடு அப்படித்தான் என்றேன். ஆள் இல்லாதது இல்லை காரணம், அடுப்பு இல்லாதது.

அந்த அடுப்பை உடைக்க நான் கூலி கொடுத்தேன். ஒன்பது நாள் ஆனது. உடைகிறதே இல்லையே என்று மேஸ்திரியைத் திட்டினேன். மழை இறங்காமல் இருக்கப் புகைபோக்கியின் வாயையும் சிமெண்ட் பலகை போட்டு அடைத்தேன். அந்த அறிவு யாருடையது என்று கேட்காதீர்கள், அதுவும் என்னுடையதுதான்.

அத்தையின் மார்ச் மாத வாக்கியத்தைக் கிண்டலடித்து இங்கே எழுதியிருந்தேன். மேலே போய் இப்போது படித்தேன். அப்படியே கிடக்கட்டும்.

3 செப்டம்பர் 2023

"அப்படியானால் ஒன்றையும் உடைக்கக் கூடாதா? இடித்துவிட்டுக் கட்டு என்று நான் சொன்னதே சரி" என்று குன்னூர் நண்பர் எழுதியிருக்கிறார். சந்தோஷமாக எழுதியிருக்கிறார் என்றும் தெரிகிறது.

உடைக்கலாம். எங்கள் பழைய கழிப்பறை கொல்லையில் இருந்தது. ராத்திரி இரண்டு மணிக்கு உறைபனியில் 78 வயதுக்காரரை அங்கே அனுப்ப முடியுமா? அதை உள்ளே கொண்டுவந்ததில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. மரப்பட்டியில் ஓடிய பழைய வயரிங்கை எடுத்ததிலும் இல்லை. மாடிப்படி ஒவ்வொன்றும் ஒன்பதங்குல உயரம், அதைத் தாழ்த்தி இரண்டு பக்கமும் கைப்பிடி போட்டோம். நல்ல வேலை. கீழே முன்கடையை அத்தைக்கு அறையாக்கினோம், குளியலறையோடு. அது நல்ல வேலையா என்பதில் மட்டும் எனக்கும் அத்தைக்கும் கருத்து வேறுபாடு இருக்கிறது, தனியாக எழுதுகிறேன்.

நான் சொல்ல வந்தது இது: நம் வாழ்க்கைக்கு வீட்டை மாற்றுகிறோம் என்று பேசும்போது, அது ஏற்கெனவே யாரோ ஒருவரின் வாழ்க்கைக்குப் பொருந்தி இருந்தது என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. என் வீடு ராத்திரி கண்விழிக்கிற ஒரு பேக்கரிக்காரரின் வீடு. அவர் போனதும் அது பாதி வீடாகிவிட்டது. உங்கள் ஆறு சின்ன அறைகளில் யார் என்ன செய்தார்கள் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டீர்களா? கேட்டுவிட்டு வேண்டுமானால் இடியுங்கள். நான் கேட்கவில்லை. கேட்காமலே சொன்னதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

19 நவம்பர் 2023

புகைபோக்கி திறந்தாயிற்று. சிமெண்ட் பலகைக்குக் கீழே மைனாக் கூடு ஒன்று, கிரிக்கெட் பந்து இரண்டு. ஒரு பந்தை கணவர் அடையாளம் கண்டுகொண்டார். யார் அடித்தது என்று சண்டை போட அண்ணனுக்கு போன் போட்டார்.

அடுப்பைத் திரும்பக் கட்ட முடியாது, இடமும் இல்லை, காசும் இல்லை. பட்டறையில் சொல்லி, கனமான தகட்டில் மூடிய இரும்பு அடுப்பு ஒன்று செய்தோம். புகைபோக்கிக்குள் ஈரச் சாக்கு எரித்துப் பார்த்ததில் மாடி அறைச் சுவர் வெடிப்பில் புகை கசிந்தது. அதனால் உள்ளே மேலிருந்து கீழ்வரை ஆறங்குல ஸ்டீல் குழாய் இறக்கிவிட்டோம். இதைத் தயவுசெய்து யாரும் தவிர்க்காதீர்கள். மூடிய அறையில் கரி அடுப்பு வைத்துத் தூங்கியவர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை என்று செய்தித்தாளில் வருகிறதே, அந்த வாயுவுக்கு வாசமே கிடையாது. வெளியே போகக் குழாய் இல்லாமல் வீட்டுக்குள் எந்த நெருப்பும் வேண்டாம். எங்கள் அடுப்புக்கும் கீழே காற்று வர கொல்லைப் பக்கத்திலிருந்து ஒரு குழாய் தனியாக விட்டிருக்கிறோம்.

ஜன்னல்களை மாற்றவில்லை. மேல் ஓரத்தில் திறந்து மூடுகிற சின்னக் காற்றுவழி வெட்டினோம். இடுக்கை அடைக்கக் காசு கொடுத்தேன், பிறகு இடுக்கு வைக்கவும் காசு கொடுத்தேன்.

7 ஜனவரி 2024

காலையில் கொல்லைப் புல் வெள்ளை. பக்கெட் தண்ணீரின் மேல் கண்ணாடி மாதிரி ஓர் ஏடு.

இரும்பு அடுப்பு எப்படி என்று கேட்டவர்களுக்கு: பாதி வெற்றி. சாயங்காலம் ஆறிலிருந்து பத்து வரை எரிகிறது, நான்கைந்து கிலோ விறகு. நடுச்சுவர் சுடாது, ஆனால் ஐஸ் இல்லை. ஈரத் துணி மாடியில் இரண்டு நாளில் காய்கிறது, மழையில் என்ன ஆகும் என்று ஜூனில் சொல்கிறேன். இரும்பு சீக்கிரம் சூடாகி சீக்கிரம் ஆறிவிடும், செங்கல் மாதிரி வைத்துக்கொள்ளத் தெரியாது. அடுப்புக்குப் பின்னால் பழைய அடுப்பின் செங்கலையே அடுக்கிச் சுவர் மாதிரி வைத்திருக்கிறோம். நல்லவேளை, இடித்த செங்கலில் கொஞ்சத்தைக் கொல்லையில் போட்டிருந்தோம்.

முப்பதடி ஹால் தோல்வி. ஒப்புக்கொள்கிறேன். அடுப்பு ஒரு முனையில் எரிகிறது, சூடு மறுமுனைக்குப் போவதற்குள் விறகு தீர்ந்துவிடுகிறது. கடைசியில் கிச்சனுக்கும் ஹாலுக்கும் நடுவே, முன்பு சுவர் இருந்த அதே இடத்தில், மடக்குக் கதவு போட்டோம். மேல்பாதி கண்ணாடி. ஆசாரி அளவெடுக்கும்போது, "இங்க முன்னாடி சுவர் ஒண்ணு இருந்துச்சேங்க?" என்றார். அதை எடுத்தபோது சட்டம் கழற்றியவர் அவர்தான். முகத்தைப் பார்த்தேன், சிரிக்கவில்லை. பெரிய மனிதர்.

இப்போது ஹால் பதினெட்டடி. யாரும் வாயைப் பிளப்பதில்லை. எல்லாரும் வந்து உட்காருகிறார்கள்.

10 மே 2024

மூன்று நாளாக மலை ஏறுகிற வண்டிக்கு இ-பாஸ். கோவையிலிருந்து வரும் மகள் தன் வீட்டுக்கு வர பாஸ் வேண்டுமா என்று சண்டை. அவளுடைய வண்டி எண் கோவை, என்ன செய்வது. சுண்ணாம்பு ஏற்றிய லாரி வேறு கல்லாறில் நிற்கிறது. மாடி முன்னறைக்குப் பூச்சு பாக்கி. ஏப்ரல் 18ல் ஜனவரியிலேயே இறக்கி வையுங்கள் என்று யாரோ எழுதியிருந்தார்கள்.

குன்னூர் நண்பர் எழுதியிருக்கிறார். இடிக்கவில்லையாம். ஆறு அறையில் ஒரே ஒரு சுவரைத்தான் எடுக்கிறாராம். எந்தச் சுவர் என்று சொல்லவில்லை, எனக்குப் படபடப்பாக இருக்கிறது.

22 ஜூன் 2024

மழை ஆரம்பித்து ஒரு வாரம் ஆகிறது. ஜனவரியில் சொன்ன கணக்கு: மாடியில் துணி மூன்று நாள். போன வருடம் ஐந்து. சோபாவுக்குப் பின்னால் இதுவரை புள்ளி இல்லை. பின்கட்டுச் சுவரில் ஒரு கை அகலத்துக்கு ஈரம் தெரிகிறது, வடிகாலில் இலை அடைத்திருந்தது, எடுத்துவிட்டோம்.

அத்தை விவகாரம் எழுதுவதாகச் சொன்னேன். முழங்கால் வலிக்காகக் கீழே அறை செய்து கொடுத்தோம் அல்லவா? அவர் அதில் தூங்க மட்டும்தான் செய்தார். விடிந்ததும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படி ஏறி மாடித் தெரு ஜன்னலுக்குப் போய்விடுவார். மூச்சு வாங்கும். கேட்டால், "கீழ என்ன இருக்கு, சுவத்தைப் பாத்துட்டு உக்காரவா?" ஐம்பது வருடம் அந்த ஜன்னலிலிருந்து பஜாரைப் பார்த்தவர். நாங்கள் அவர் காலைப் பற்றி யோசித்தோம், கண்ணைப் பற்றி யோசிக்கவில்லை.

அந்த அறையின் தெருப் பக்கம் பழைய கடைக் கதவு. தனித்தனிப் பலகைகள், ஒன்றிலிருந்து பதினொன்று வரை நம்பர் போட்டது. காலையில் ஒவ்வொன்றாகக் கழற்றிச் சுவரில் சாய்ப்பார்கள். பார்க்க அழகாக இருக்கிறது என்று அதை அப்படியே நிரந்தரமாக மூடி ஆணி அடித்து, உள்பக்கம் ஜிப்சம் பலகை வைத்திருந்தேன். போன மாதம் ஜிப்சத்தை எடுத்துவிட்டோம், பின்னால் பூசணம் பிடித்திருந்தது என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். ஐந்து, ஆறு, ஏழு மூன்று பலகையை மட்டும் கழற்றும்படி செய்து, உள்ளே பாதி உயரத்துக்குத் திட்டு, அதன் மேல் கண்ணாடி. வெயில் இருந்தால் கண்ணாடியையும் தள்ளிவிடலாம்.

இப்போது அத்தை மாடி ஏறுவதில்லை. காலை ஏழு மணிக்குப் பலகை மூன்றும் கழன்றுவிடுகிறது. சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். ஒரே சங்கடம், தெருவில் போகிறவர்கள் கடை திறந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். போன வருடம் ஊட்டி வர்க்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து கேட்டு வருகிற ஆளும் அதிகம். பழைய ஆட்கள் யாரோ வழி சொல்லி அனுப்புகிறார்கள் போலிருக்கிறது. இன்று காலை திருப்பூரிலிருந்து வந்த ஒரு குடும்பம் நனைந்துகொண்டே வந்து, "பாட்டி, வர்க்கி அரைக் கிலோ" என்றது.

மாடியிலிருந்து எனக்குக் கேட்டது. கடை மூடிப் பதின்மூன்று வருடம் ஆயிற்று என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"இன்னைக்குத் தீந்துடுச்சு. நாளைக்கு வெள்ளனா வாங்க" என்கிறார்.